கண்ணுக்கு மட்டுமா எழுத்து?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேச வருபவர் வட்டத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அதனை நம் செயலாளர் தம் அறிக்கையில் செவ்வனே செய்துவிட்டார். ஆகவே, எனக்கு அளிக்கப்பெற்ற நேரத்தில் சாதனை எதையும் பேசாமல், நாம் செய்த பிழை ஒன்றைப் பேச விரும்புகிறேன். அப்பிழையில் பெரும்பங்கு என்னுடையது. அதனைச் சொல்லாமல் இவ்விழாவைக் கடந்து செல்ல என் மனம் ஒப்பவில்லை.

நம் வட்டத்தின் கூட்டங்களுக்குத் தொடக்க நாள் முதலே வந்துகொண்டிருக்கும் நண்பர் ஒருவர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். தமிழ் கற்பிப்பவர், கவிஞர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருடைய இசைவைப் பெற்றே இதனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார், ஆகவே பெயரைச் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு மலருக்கு அவர் ஒரு கவிதை அனுப்பினார். மாலைப்பொழுது வந்துவிட்டதை வீட்டுக்குள் இருப்பவருக்கு முதலில் அறிவிப்பது ஒலிதான் என்பது அக்கவிதையின் உயிர்நிலை. தாமே கணினியில் தட்டெழுதி, பிழையின்றி அனுப்பியிருந்தார். அக்காலத்தில் நம் மலரை அச்சுக்கோத்தவரிடம் இருந்தது பழைய எழுத்துரு. ஆகவே எல்லாப் படைப்புகளையும் மறுபடியும் தட்டெழுத நேர்ந்தது. அந்த மறுபதிப்பில் 'ஒலி' என்பது 'ஒளி' ஆயிற்று.

மெய்ப்புப் பார்த்தவன் நான். 'மாலை' என்ற சொல்லுக்கு அருகில் 'ஒளி' என்று இருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. அவருக்கும் மெய்ப்பு அனுப்பினோம். பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பினோம். படத்தை அவர் எவ்வாறு படிப்பார் என்று ஒருவரும் எண்ணவில்லை. அவர் மறுமொழி எழுதாததை ஒப்புதல் என்று கொண்டோம். மலர் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மாணவர் ஒருவர் அக்கவிதையை உரக்கப் படித்தபோதுதான், தம் பெயரில் வேறொரு கவிதை அச்சாகியிருப்பதை அவர் அறிந்தார். அதற்கிடையில் நம்மில் சிலர், பார்வையற்ற ஒருவர் ஒளியைப் பாடியிருக்கிறாரே என்று அவரைப் பாராட்டியிருந்தோம். அந்தப் பாராட்டுகளின் பொருள் அவருக்கு அன்றுதான் விளங்கியது.

அவர் சினந்து பேசவில்லை. "அந்தக் கோப்பையாவது எனக்கு அனுப்புங்கள், மற்றவர் கவிதைகளையாவது நானே படித்துக்கொள்கிறேன்" என்று மட்டும் கேட்டார். அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில், "மலரில் கவிதை ஒன்றும் இல்லையே, ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் இருக்கிறது" என்றார். அவர் கேட்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள முயன்றபோது நான் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பார்வையற்றவர் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு இயக்குகிறார். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும். அல்லது ஊசிமுனைகள் எழுந்து தாழும் பிரெயில் பலகையில் விரலுக்குத் தரும். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். இ-ஸ்பீக் என்னும் கட்டற்ற குரலாக்கி தமிழையும் பேசுகிறது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் திரைவாசிப்பான் உடன்பிறந்ததாகவே வருகிறது. ஆக, கருவி இருக்கிறது. நாம் கொடுக்கும் எழுத்து எத்தகையது என்பதே கேள்வி.

நம் மலரின் கோப்பு பாமினி வகை எழுத்துருவில் இருந்தது. அவ்வகை எழுத்துருக்களில் கணினியின் உள்ளே இருப்பது தமிழ் அன்று; ஆங்கில எழுத்தே. அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'அம்மா' என்று நம் கண் காணும் இடத்தில் கணினி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். போர்வையைக் காணாத திரைவாசிப்பான் உள்ளே இருப்பதையே படித்தது. நாம் தமிழ் என்று எண்ணிக் கொடுத்தது தமிழின் தோற்றத்தை மட்டுமே.

கவிஞர்களே, இந்த இடத்தில் நம் மரபை எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் எழுத்துகளின் பிறப்புக்கென்றே ஓர் இயல் வகுத்திருக்கிறது. அங்கே எழுத்து பிறக்கும் இடம் ஏடு அன்று. உந்தியில் தோன்றிய காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் நாவிலும் இதழிலும் நிலைபெற்றுப் பிறக்கும் ஒலியே எழுத்து எனப்படுகிறது. மாத்திரை என்னும் அளவும் செவிக்குரிய அளவே. அசையும் சீரும் தளையும் செவி கண்டவை. வரிவடிவம் அவ்வொலிக்கு நாம் இட்ட அடையாளம். அந்த அடையாளத்தையே எழுத்து என்று கொண்டுவிட்டதுதான் நம் பிழையின் வேர்.

இதே பிழையை உலகம் முன்பே ஒருமுறை செய்து, திருத்திக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் பார்வையற்ற சிறுவர்க்குப் பள்ளி தொடங்கிய வலன்டன் ஆவி என்பவர், அவர்கள் படிப்பதற்காக இலத்தீன் எழுத்துகளைத் தாளில் புடைத்தெழுமாறு அச்சிட்டார். நல்லெண்ணம் கொண்ட முயற்சி. ஆயினும் அவ்வெழுத்துகள் கண்ணுக்காக வரையப்பட்டவை. விரலுக்கு அவை தடவித் தடவி ஊகிக்க வேண்டிய வளைவுகளாகவே இருந்தன. அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல்பட்டறையில் கூரிய கருவி பட்டுக் கண்ணை இழந்தவர். 1824ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளால் ஆன புதிய முறையை வகுத்தார். எழுத்து கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை ஒத்திருக்க வேண்டியதில்லை என்று துணிந்ததே அவருடைய கண்டுபிடிப்பு. அத்துணிவைப் பார்வையுள்ள ஆசிரியர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1852இல் பிரெயில் மறைந்தார். அவர் கற்ற, கற்பித்த பள்ளியே அம்முறையை முறையாக ஏற்றது 1854ஆம் ஆண்டில்தான்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதில் தமிழ்க் ககரத்திற்கும் தெலுங்குக் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் ஒரே புள்ளிகள். வரிவடிவம் வேறாயினும் ஒலி ஒன்று என்பதே அதன் அடிப்படை. அம்முறையில் 'கொ' என்று எழுதும்போது முதலில் ககரம், பின்னர் ஒகரம். நம் ஏட்டில் ககரத்தின் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் நிற்கின்றன. விரல் தொடும் ஏட்டில் ஒலித்த வரிசையே எழுதும் வரிசை.

கணினிக்குள் வந்த தமிழும் இந்த இரு வழிகளையும் கண்டது. பழைய எழுத்துருக்கள் கண்ணின் வரிசையைப் பின்பற்றின. கொம்பு, ககரம், கால் என்று பார்த்தபடியே அடுக்கின. ஒருங்குறி என்று நாம் வழங்கும் யூனிகோடு செவியின் வரிசையைப் பின்பற்றியது. அதில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் வரைவது திரையின் வேலை. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதனைப் பயன்படுத்தும் வசதி நம் கணினிகளுக்கு உடனே வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் இதழும் தனித்தனி எழுத்துரு வைத்துக்கொண்டன. ஓர் இதழின் தமிழ் மற்றோர் இதழின் கணினியில் தமிழாகத் தெரியாத காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் ஒழுங்கு காண முயன்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழன்பர்களின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, காலத்திற்கேற்ப ஒருங்குறிக்கும் மாற்றித் தந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

மதுரைத் திட்டத்தார் பழைய நூல்களைப் படமெடுத்து வைப்பதோடு நின்றிருந்தால் அவர்களது வேலை பன்மடங்கு எளிதாகியிருக்கும். அவர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். அதனால்தான் இன்று நம் நண்பர் சங்கப் பாடலைத் தாமே, துணை வேண்டாமல், நள்ளிரவிலும் படிக்கிறார். "சங்கப் புலவரைப் படிக்க எனக்குத் தடையில்லை, சக கவிஞர்களைப் படிக்கத்தான் தடை" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். ஈராயிரம் ஆண்டு தொலைவில் உள்ளவர் அருகில் இருக்கிறார். அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் தொலைவில் இருக்கிறோம்.

இப்பொழுது பெரும்பாலோர் ஒருங்குறியில்தானே எழுதுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் மூன்று வழிகளில் பழைய பிழை திரும்ப வருகிறது.

முதலாவது, கண்ணை ஏமாற்றும் தட்டெழுத்து. 'எ' என்னும் உயிரெழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழினைத் தட்டி '௭ன்று' என எழுதுவோர் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கருவிக்கோ அது எழுத்தன்று, எண். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறியை இடாமல், கெகரத்தை அடுத்து ளகரத்தை இட்டுக் 'கெளரவம்' என்று தட்டுகிறோம். பார்ப்பவர் சரியாகப் படித்துவிடுவார். கேட்பவர்க்கு அது கெ, ள, ர, வம். 'அவர்' என்பதன் இறுதியில் ரகர ஒற்றை இடாமல், காலின் தலையில் புள்ளி வைத்து 'அவா்' என்று அமைக்கும் வழக்கம் அச்சகங்களிலிருந்து வந்து இன்னும் ஓயவில்லை. அச்சில் இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். இவ்வாறு தட்டிய சொல்லைத் தேடுபொறியும் கண்டெடுக்காமல் போகலாம். ஆகவே இது பார்வையற்றவரை மட்டும் தொடும் குறை அன்று. நம் கவிதை நாளை எவர் கையிலும் அகப்படுமா என்னும் கேள்வி.

இரண்டாவது, எழுத்தைப் படமாக்குதல். இன்று கவிதைகள் மிகுதியாக உலவுவது கைப்பேசியில். அழகிய பின்னணியில் கவிதையை எழுதிப் படமாக்கி அனுப்புகிறோம். திரைவாசிப்பான் அங்கே பல வேளைகளில் 'படம்' என்று மட்டும் சொல்லி நிற்கும். ஒருவர் காலையில் பத்துக் கவிதை அனுப்பினால் நம் நண்பர் பத்து முறை 'படம்' என்று கேட்கிறார். படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தின் கீழே அக்கவிதையை எழுத்தாகவும் இடுங்கள். இணையதளமாயின் ஒவ்வொரு படத்துடனும் மாற்றுரை என்று ஒரு குறிப்பைச் சேர்க்க இடம் இருக்கிறது. படத்தைக் காண இயலாதவர்க்கு அப்படம் சொல்வது என்ன என்பதை ஓரிரு வரியில் அங்கே எழுதலாம். சொல்லால் காட்சியைத் தீட்டுவது கவிஞர்க்கு அரிய வேலையா?

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, படத்தில் உள்ள எழுத்தை அதுவே படித்துச் சொல்லுமே என்பார் சிலர். படிக்கிறது, நாளுக்கு நாள் நன்றாகவும் படிக்கிறது. எனினும் அது ஊகித்துப் படிக்கிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறினால் பொருள் பெரும்பாலும் தப்பிவிடும். கவிதையில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. லகரத்திற்கு ளகரத்தை ஊகித்தவன் மனிதன். அவன் உங்கள் முன் நிற்கிறான். எந்திரத்தையும் அதே ஊகத்திற்கு ஏன் விட வேண்டும்? கவிஞர் எழுதிய எழுத்து நம் கையில் இருக்கும்போது அதனைப் படமாக்கி மறைத்துவிட்டு, பிறகு எந்திரத்தைக் கொண்டு தோண்டி எடுப்பது வீண்வேலை.

மூன்றாவது, பக்கத்தின் ஒழுங்கு. நூலில் தலைப்பைப் பெரிய எழுத்தில் இடுகிறோம். பார்ப்பவர் ஒரு நொடியில் தாம் விரும்பிய கவிதைக்குச் செல்கிறார். கணினிப் பக்கத்திலும் எழுத்தைப் பெரிதாக்குவதோடு நிறுத்தாமல், அது தலைப்பு என்று கணினிக்கும் உணர்த்திவிட்டால், திரைவாசிப்பானில் ஒரு விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்புத் தாவிச் செல்லலாம். உணர்த்தாவிடில், இருபதாம் கவிதையைக் கேட்க விரும்புபவர் முதற்கவிதையிலிருந்து கடந்துவர வேண்டும். 'இங்கே சொடுக்குக' என்று பத்து இடங்களில் எழுதினால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவர்க்குப் பத்து 'இங்கே'கள் கேட்கும். எது எங்கே என்று தெரியாது. எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுக் 'க வி தை' என்று அழகுக்காக அமைத்தால் அது ஒரு சொல்லாக ஒலிக்காது, மூன்று எழுத்துகளாக ஒலிக்கும். பக்கம் தமிழில் உள்ளது என்று மொழிக்குறிப்பு இடாவிடில் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முற்பட்டுத் தடுமாறும்.

இங்கே கவிஞர் ஒருவர் எழுப்பிய தடையையும் சொல்ல வேண்டும். 'என் கவிதையின் அடிகள் தாளில் நிற்கும் நிலையும் கவிதையே. எழுத்துக்கோப்பாக்கினால் அது கெடும்' என்றார். நியாயமான கவலை. ஆனால் நடப்பது வேறு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அடியை முறித்துத் தட்டியிருந்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் விசையை அழுத்தி ஓரடி ஓரடியாகக் கேட்கிறார். அடிக்கும் அடிக்கும் இடையே தாம் விரும்பிய அளவு நின்று கேட்கிறார். நம் நண்பர் கேட்கும்போது அருகில் அமர்ந்து பார்த்தேன். ஓர் அடியை மூன்று முறை திரும்பக் கேட்டார். ஒரு சொல்லில் நிறுத்தி, எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்தார். நான் மெய்ப்புப் பார்த்ததைவிட அவர் அக்கறையாகப் பார்த்தார்.

பார்வையற்றோரைப் பற்றியே இதுவரை பேசினேன். செவிப்புலன் இழந்தவர் நம் கவியரங்கப் பதிவுகளைக் காணும்போது வாயசைவை மட்டுமே காண்கிறார். கவிதை ஏற்கெனவே கவிஞரின் கையில் எழுத்தாக இருக்கிறது. அதனைப் பதிவின் அடியில் வரிவரியாக இடுவது ஒரு நாள் வேலை. கை நடுங்குபவர், விரல் இயங்காதவர் சுட்டியைப் பிடிக்க இயலாது. அவர் விசைப்பலகையாலோ ஒரே ஒரு பொத்தானாலோ கணினியை இயக்குகிறார். அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் பேச்சை இழந்தபின் முதலில் கைப்பொத்தானாலும், கை தளர்ந்தபின் கன்னத்தசையின் அசைவாலும் சொல் தேர்ந்து நூல்கள் எழுதினார். சுட்டியால் மட்டுமே திறக்கும் பக்கம் அத்தகையோர் முகத்தில் அறைந்து சாத்திய கதவு. பார்வை மங்கியவர்க்கு வெண்மையின் மேல் இளஞ்சாம்பல் நிறத்தில் கவிதை இடுவது கவிதையை மறைப்பதற்கு ஒப்பாகும். இதில் நம்மில் மூத்தவர் பலரும் அடங்குவோம்.

இவற்றுக்கெல்லாம் உலகளாவிய நெறிமுறை உண்டு. இணையத்தின் தரங்களை வகுக்கும் வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதத்தில் முதல் நெறிமுறையை வெளியிட்டது. சென்னையில் தமிழுக்கு ஒழுங்கு தேடிய அதே ஆண்டு அது. 2008இல் இரண்டாம் பதிப்பும், 2023 அக்டோபரில் அதன் 2.2ஆம் வடிவமும் வந்தன. அது நான்கு தன்மைகளை வேண்டுகிறது. பக்கத்தில் உள்ளது ஏதேனும் ஒரு புலனால் உணரத்தக்கதாக இருக்க வேண்டும். எவராலும் இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும். புரிந்துகொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும். எந்தக் கருவிக்கும் ஈடுகொடுக்கும் உறுதி உடையதாக இருக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதமேனும் வேண்டும் என்று அளவும் சொல்கிறது. கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும், ஒரு சிறிய வட்டத்தின் இணையதளத்திற்கு இதனைச் செய்யச் செலவு மிகக் குறைவு. தொடக்கத்திலேயே கருதினால் செலவே இல்லை.

இது அறம் மட்டும் அன்று, சட்டமும் கூட. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கண்டது. அவருள் பார்வைக் குறைபாடு உடையோர் 50 இலட்சத்தினர். ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செய்தியும் தகவல்தொடர்பும் அவர்கள் அணுகத்தக்க வடிவில் அமைய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அமிலவீச்சால் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் வங்கிக்கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில், கருவி கேட்டபடி கண் இமைக்க இயலாமல் தடுக்கப்பட்டதும், பார்வையற்ற ஒருவர் அதே சரிபார்ப்பில் இடர்ப்பட்டதும் அவ்வழக்குகளின் பொருள். கணினிவழிச் சேவையை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் கூறிற்று. கண் இமைத்தால்தான் நீ உயிருள்ள மனிதன் என்று ஓர் எந்திரம் சொல்ல, இமைக்க இயலாத மனிதர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்ததைக் கவிஞர்கள் மறக்கலாகாது.

பதிப்புரிமை குறித்தும் ஒரு சொல். நூலைக் கோப்பாகக் கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்று அஞ்சுவோர் உளர். பார்வையற்றோர்க்கும் பிற அச்சுவாசிப்புக் குறைபாடு உடையோர்க்கும் படிக்கத்தக்க படிகளை ஆக்குவதற்குத் தடையிராதபடி, 2012ஆம் ஆண்டிலேயே நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கில் 2013இல் மராக்கேஷ் நகரில் உலக உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. 2014இல் அதனை முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. உலகுக்கே முன்னின்ற நாட்டில், ஒரு கவிதை வட்டத்தின் மலர் அதன் உறுப்பினருக்கே மூடிக்கிடந்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

ஆகவே இவ்விழாவில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

பத்தாம் ஆண்டு மலர் தாளில் வெளிவரும் அதே நாளில், ஒருங்குறியில் அமைந்த எழுத்துக்கோப்பாகவும் வெளிவர வேண்டும். பிறகு பார்ப்போம் என்பது வேண்டாம். விருந்து முடிந்தபின் எடுத்துவைத்துக் கொடுக்கும் சோறு, அன்போடு கொடுத்தாலும், பந்தியில் இட்ட சோறு ஆகாது.

மெய்ப்பு எவருக்கும் படமாக அனுப்பப்படலாகாது. எழுதியவர் தம் எழுத்தைத் தாமே சரிபார்க்கும் உரிமை எழுதுவோர் அனைவர்க்கும் பொது. மறுமொழி வராதபோது ஒப்புதல் என்று கொள்ளாமல், ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

வட்டத்தின் பழைய மலர்களையும் பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் மாற்றியபின் மனிதர் ஒருவர் முழுமையாகப் படித்துத் திருத்த வேண்டும். அந்தப் பணியை நான் ஏற்கிறேன். ஐந்தாம் மலரிலிருந்து தொடங்குவேன். முதலில் திருத்தும் சொல் எது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்பர்களே, நம் வட்டம் தொடங்கிய நாளில் கவிதையை எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தோம். கவிதை செவிக்குரியது என்று அன்று நாம் அறிந்திருந்தோம். அச்சும் திரையும் வந்தபின் அதனை மறந்தோம். ஒலியை ஒளியாக மாற்றியது ஒருநாள் தவறிய என் கண் மட்டுமன்று. கண் ஒன்றே படிக்கும் என்று எண்ணிய நம் பழக்கமும் ஆகும்.

இந்த உரை மலரில் அச்சேறுமானால் அதன் மெய்ப்பை நம் நண்பரே பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "பார்க்கிறேன், ஆனால் எழுத்தாக அனுப்புங்கள்" என்றார். அனுப்புவேன்.